தேனீ கொட்டிய கை மறுநாள் அதிகம் வீங்குவது ஏன்?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் அருகே சமூகத் தோட்டத்தில் பாகல் பந்தலைச் சரிசெய்தபோது வலது புறங்கையில் தேனீ கொட்டியது. அம்மா சொல்லி சுண்ணாம்பு தடவினேன். இன்று மணிக்கட்டு தாண்டி வீங்கி, சிவந்து, சூடாக அரிக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா? தேனீக்களை விரட்ட என்ன தெளிக்கலாம்?

பதில்: முதலில் மோதிரம், வளையல், கடிகாரம் எதுவும் அந்தக் கையில் இருந்தால் இப்போதே கழற்றுங்கள். வீக்கம் ஏறியபின் கழற்ற வராது.

அப்புறம் சுண்ணாம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தேனீ நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் கணக்கு. எங்கள் பாட்டியும் வெற்றிலைப் பெட்டியைத்தான் தேடுவார். ஆனால் வேலையைக் காட்டுவது நஞ்சிலுள்ள புரதங்கள். அவை தோலுக்கு அடியில் போய்விட்டன. மேலே தடவும் சுண்ணாம்பு அங்கே போகாது, தோலைத்தான் புண்ணாக்கும்.

கொட்டிய இடத்தில் வீக்கம் ஒன்றிரண்டு நாள் கூடிக்கொண்டே போவது வழக்கம். சிலருக்கு 10 சென்டிமீட்டருக்கு மேலும் பரவி, வடிய ஒரு வாரம் ஆகும். முதல் 2 நாளில் வரும் சிவப்பும் சூடும் பெரும்பாலும் நஞ்சுக்கு உடல் காட்டும் எதிர்ப்புதான், கிருமி அல்ல. அதற்கு ஆண்டிபயாட்டிக் பயன்படாது. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து எடுங்கள். கையைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். அரிப்புக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு ஒன்று, 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு உதவும். சிறுநீரகக் கோளாறோ வேறு மருந்துகளோ இருந்தால் மருந்தாளரிடம் சொல்லி வாங்குங்கள். நான்காம் நாளும் சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால், மருத்துவரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

கை எவ்வளவு வீங்கினாலும் நான் அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். கொட்டாத இடத்தில் ஏதாவது நடந்தால்தான் பயம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். இவை பெரும்பாலும் கொட்டிய சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். வாய்க்குள் கொட்டினாலும் உடனே அழைக்க வேண்டியதுதான்.

இன்னொரு தடவை கொட்டினால், கொடுக்கு தோலில் தங்கியிருக்கிறதா பாருங்கள். நஞ்சுப்பை அதோடு ஒட்டிக்கொண்டு தானே பீய்ச்சிக்கொண்டிருக்கும். நகத்தாலோ விரலாலோ எப்படியாவது சட்டென்று எடுத்துவிடுங்கள். சுரண்டி எடுக்க பிளாஸ்டிக் அட்டை தேடப் போகிற நேரத்தில் நஞ்சு உள்ளே இறங்கிவிடும். எடுத்ததும் அங்கிருந்து விலகுங்கள். கொட்டிய இடத்திலிருந்து எழும் மணம் மற்ற தேனீக்களையும் கூப்பிடும். கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை.

சரி, விரட்டுவது. தயவுசெய்து எதுவும் தெளிக்காதீர்கள். பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கத் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து வெம்பி உதிரும், அப்புறம் நீங்களே தினமும் காலையில் ஆண்பூவைக் கிள்ளி ஒவ்வொரு பெண்பூவிலும் தொட்டுவைக்க வேண்டிவரும். பாகற்பூ விடியலில் மலர்வதால் தேனீ நடமாட்டம் காலையில்தான் அதிகம். பந்தல் வேலையை மாலை 5 மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு. பக்கத்து மரத்தில் கூடு தெரிந்தால் புகை போட வேண்டாம், தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.