மேலே போனால் தொழ எங்கே, சாப்பிட எங்கே? நீலகிரிப் பயணக் கேள்வி-பதில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குடும்பங்களை வேனில் மேலே கூட்டிப்போய்க் கீழே இறக்குவது என் பிழைப்பு. ஏப்ரல் பிறந்தால் கேள்விகள் குவியும். பாதிப் பேருக்கு ஒரே கவலை: ஹலால் கிடைக்குமா? தாராளமாகக் கிடைக்கும். மலையில் தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உம்மாவுக்கு 70 வயது, கடைக்குட்டிக்கு 4. மொத்தம் ஒன்பது பேர், இரண்டு இரவு. ஊட்டியில் தங்கலாமா? (திருச்சி வாசகர்)

குன்னூரில் தங்குங்கள், இரண்டு இரவும் ஒரே இடத்தில். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பது சுபுஹுக்கு (விடிகாலைத் தொழுகை) எழுந்து குழாயைத் திறக்கும்போது உங்கள் உம்மாவுக்குத் தெரியும். சீசனில் ஊட்டிக்குள் வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு வக்து (தொழுகை நேரம்) போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளைகள் நான்காவது வளைவில் திருப்பித் தந்துவிடுவார்கள். பர்லியாரில் இறங்கிக் கால் நீட்டிவிட்டு, லுஹருக்கு (நண்பகல் தொழுகை) முன் குன்னூர் சேர்ந்துவிடுங்கள். தொழுகை, சாப்பாடு, தூக்கம். மாலையில் சிம்ஸ் பூங்கா மட்டும். 1874இல் உருவான பூங்கா, சரிவில் அமைந்தது. உம்மாவை மேல்பக்க பெஞ்சிலேயே உட்கார வையுங்கள், கீழே இறக்கினால் திரும்ப ஏற வேண்டும்.

இரண்டாம் நாள் ஊட்டி. தாவரவியல் பூங்கா திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பிறகு கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா. அருவியும் அணைநீரும் ஒரே பயணத்தில் முடியும். மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாகக் கோடநாடு காட்சிமுனை. அங்கிருந்து பார்த்தால் மாயாறு பள்ளத்தாக்கின் அடியில் நெளிந்து ஓடும். பார்த்துவிட்டு கோத்தகிரிப் பாதையிலேயே கீழே இறங்கிவிடலாம்.

தொட்டபெட்டா, ரோஜா பூங்கா, படகு இல்லம் எல்லாம் எங்கே என்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஆண்கள் எங்கேயாவது பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் வேனில் உட்கார்ந்திருக்கிறோம். பெண்களுக்கு என்ன வழி? (மேலப்பாளையம் வாசகி)

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நான்கு ஊரிலும் பள்ளிவாசல் உண்டு. பெண்களுக்குத் தனியிடம் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. வாசலில் போய் நின்று கேட்டுச் சங்கடப்படுவதைவிட, முதல் நாளே பாங்கு சொல்லும் மோதினாரிடம் வீட்டு ஆண்கள் விசாரித்து வைக்கலாம்.

அது கிடைக்காத நாளுக்கு நான் செய்வது இது. லுஹர் தொடங்கிய பிறகே தங்குமிடத்தை விட்டுக் கிளம்புவது, அல்லது அஸருக்குள் (பிற்பகல் தொழுகை) திரும்பிவிடுவது. முழுநாள் பயணம் என்றால் மதியம் சாப்பிடும் ஓட்டலிலேயே 'குடும்பத்தோடு வந்திருக்கோம், பத்து நிமிஷம் மாடி அறை கிடைக்குமா' என்று கேட்பேன். சாப்பிடும் கூட்டம் ஒன்பது பேர் என்றால் முதலாளி பெரும்பாலும் சரி என்பார். ஷாஃபி மத்ஹபினருக்கு (மார்க்கச் சட்டத்தில் ஒரு பிரிவினர்) ஒரு வசதி: பயணத்தில் லுஹரையும் அஸரையும் ஒரே வக்தில் சேர்த்துத் தொழலாம். இன்னொரு பிரிவினரான ஹனஃபிகளுக்கு அப்படிச் சேர்ப்பது இல்லை, எனவே அவரவர் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வேனில் இரண்டு முஸல்லா (தொழுகை விரிப்பு), தொழுகை உடை, ஒரு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

ஹலால் என்று பலகை வைத்திருந்தால் நம்பலாமா? (ஈரோடு வாசகர்)

பலகையைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேளுங்கள்: 'கறி எந்தக் கடையில் வாங்குறீங்க?' ஒழுங்கான கடைக்காரர் பட்டென்று சொல்வார். ஒரு முறை ஒரு உணவகத்தில் பச்சைப் பலகை பளபளவென்று தொங்கியது. கேட்டால் கல்லாவில் இருந்தவர் சமையற்காரரைப் பார்க்கிறார், சமையற்காரர் அவரைப் பார்க்கிறார். அன்று எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது.

கூடலூர் பக்கம் போனால் இந்தக் கவலையே வேண்டாம். மலபார் மாப்பிள்ளைக் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். நெய்ச்சோறும் பத்திரியும் தேடாமலே கிடைக்கும். சமையலறை உள்ள காட்டேஜ் எடுப்பவர்கள் கீழேயே தெரிந்த கடையில் கறி வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம். ஆனால் பாலித்தீன் பையில் வேண்டாம், தூக்குச்சட்டியில் வையுங்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள், தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து.

மலை ரயிலில் போனால் தொழுகை தவறுமா? (கோவை வாசகி)

போகும்போது தவறாது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும், லுஹர் அதற்குப் பிறகுதான் தொடங்கும். திரும்பி வரும் வண்டி ஊட்டியில் மதியம் 2 மணிக்கு. லுஹரைத் தொழுதுவிட்டே ஏறுங்கள். மாலை ஐந்தரை வாக்கில் கீழே இறங்கியதும் அஸர். டிசம்பரில் சூரியன் சீக்கிரம் மறையும் என்பதால் இறங்கியவுடன் பையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

46 கிலோமீட்டருக்கு இத்தனை நேரமா என்று சலிக்காதீர்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுகிறது. பெட்டியில் கழிப்பறை கிடையாது. நிற்கும் நிலையங்களில் பிள்ளைகளை இறக்கிக் கூட்டிப்போய் வாருங்கள். முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் எடுக்காவிட்டால், பேருந்துதான்.

விடிகாலைக் குளிரில் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யப் பிள்ளைகள் அழுகிறார்கள். (மதுரை வாசகர்)

அறை எடுக்கும்போதே வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். பல விடுதிகளில் 'காலை 7 முதல்' என்பார்கள். சுபுஹுக்கு அது உதவாது. ஒரு மின் கெட்டில் எடுத்துப் போங்கள். பெரியவர்கள் தோல் காலுறை வைத்துக்கொள்ளலாம். முழு ஒளுவோடு அணிந்தால், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு வரை காலைக் கழுவாமல் மேலே தடவினாலே போதும். சாதாரண நூல் காலுறைக்கு இந்தச் சலுகை இல்லை.

மூடுபனியில் கிப்லாவை (தொழும்போது நோக்கும் மக்காவின் கஅபா திசை) எப்படிக் கண்டுபிடிப்பது? போன் காட்டும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. (நாகூர் வாசகர்)

வண்டிக்குள் அல்லது இரும்புக் கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். வெளியே பத்தடி தள்ளி நின்று, போனை எட்டு வடிவில் சுழற்றிவிட்டுப் பாருங்கள். நீலகிரியிலிருந்து கிப்லா நேர்மேற்கு அல்ல. மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்ந்தது. அப்புறம் ஒரு சுவையான விஷயம்: மே 27, 28 தேதிகளில் நம் நேரப்படி மதியம் 2.48க்குச் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் இருக்கும். அந்த நிமிடம் ஊட்டியில் மேகம் விலகினால், சூரியன் இருக்கும் பக்கம்தான் கிப்லா. விலகுமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கோவைக்காரர்கள் ஊட்டியில் கஸ்ர் (நீண்ட தூரப் பயணத்தில் சுருக்கித் தொழுவது) தொழலாமா? (கோவை வாசகர்)

இதை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள், தட்டிக் கழிக்கவில்லை. சாலைவழி தூரம் 85 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் கணக்கு, கோவையோ விரிந்துகொண்டே போகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் கேள்வி இது, வேன் ஓட்டுபவன் தீர்ப்பதல்ல. திருச்சி, மதுரைக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

பவானியில் பிள்ளைகளோடு குளிக்கலாமா? போகிற வழிதானே? (சேலம் வாசகர்)

வேண்டாம். நான் அந்தக் கரையில் வளர்ந்தவன், அதனால்தான் சொல்கிறேன். மேலே பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீரைத் திறந்தால், கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த ஆறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். மழையே பெய்திருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், வெளியூர்க்காரருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நடு ஆற்றுப் பாறையில் ஏறி நின்று படம் எடுக்கும் பையன்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும். கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பைக்காரா அருவியிலும் அப்படித்தான்: பார்ப்பதற்கு மட்டும்.

ஊட்டி சாக்லேட் ஹலாலா? (காயல்பட்டினம் வாசகி)

பால், முந்திரி, பாதாம் போட்ட சாதா வகை எடுங்கள். 'ரம்' என்று பெயர் போட்டவற்றை விட்டுவிடுங்கள். எசன்ஸ்தான் என்பார்கள், விவாதித்து நேரத்தைப் போக்க வேண்டாம். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வகைகளில் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எனக்குக் கேட்டால் வர்க்கிதான் வாங்குவேன், வெண்ணெயா வனஸ்பதியா என்று மட்டும் விசாரித்து.

நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வர எடுக்கும் இ-பாஸ் இன்னும் தேவையா? (விழுப்புரம் வாசகர்)

2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவால் வந்த ஏற்பாடு. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் சேர்ந்துகொண்டது. தேதி முடிவானதும் முதலில் இ-பாஸ், பிறகு அறை. அறைக்கு முன்பணம் கட்டிவிட்டுச் சாவடியில் நிற்பவர்களை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை.