செமஸ்டர் முடியட்டும் என்று இருக்காதே, தம்பி

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, ஆகஸ்ட்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வருகிறேன். முதல் செமஸ்டரில் ஊரைப் பழகிவிட்டு, ஜனவரியில் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவுக்குத் தயாரானால் போதுமா? லீட்கோட் தளத்தில் 400 புரோகிராமிங் கணக்கு போட்டிருக்கிறேன், ஆனால் இங்கிலீஷில் பேசத் தடுமாறும். அப்பாவின் உரக்கடைக்கு ஒரு பில்லிங் ஆப் எழுதினேன், அதெல்லாம் ரெஸ்யூமேயில் போட வேண்டாம்தானே?"

என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். ஜனவரி போதாது. இங்கே அடுத்த கோடைக்கான இன்டர்ன் வேலைகளைப் பெரிய கம்பெனிகள் முந்தின வருஷம் ஜூலை, ஆகஸ்ட்டிலேயே போட ஆரம்பித்துவிடும். பல இடங்களில் விண்ணப்பம் வர வரப் பார்த்து எடுத்துக்கொண்டே போவார்கள். செப்டம்பர், அக்டோபரில் இன்டர்வியூ நடக்கும்போது நீ பேங்க் அக்கவுண்ட், சிம் கார்டு, ரூம்மேட்டோடு சமையல் முறை, முதல் அசைன்மென்ட் என்று தலைக்கு மேல் வேலையோடு இருப்பாய். ஜனவரிக்கு மேல் சின்ன, நடுத்தரக் கம்பெனிகள் ஆள் எடுக்கத்தான் செய்யும், எல்லாம் போச்சு என்று பயமுறுத்தவில்லை, ஆனால் நல்ல இடங்களில் பாதி அதற்குள் நிரம்பியிருக்கும். ஆகவே தயாரிப்பு முழுவதையும் ஊரில் இருக்கும்போதே முடி.

400 கணக்கு தாராளம். அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், ட்ரீ, பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ், பைனரி சர்ச், ஹீப், இந்த அடிப்படைப் புரோகிராமிங் உத்திகள் கைக்கு வந்திருந்தால் இன்டர்னுக்கு அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் இன்டர்ன் எடுக்கும்போது கேள்வி கேட்கிற ஆளாக உட்காருகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் விழுவது கணக்கு தெரியாமல் அல்ல. கேள்வியைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு தட்ட ஆரம்பித்து, இருபது நிமிஷம் கழித்து "முடிச்சிட்டேன்" என்கிறார்கள். விடை சரியாகவே இருந்தாலும், உள்ளே என்ன யோசித்தார்கள் என்று எழுதி வைக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. பரீட்சைத்தாளில் விடை மட்டும் இருந்தால் போதும் என்று பழகிய கை அது.

ஒரு உதாரணம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸும் வரும் நேரம், கிளம்பும் நேரம் கொடுத்திருக்கிறது. எந்த பஸ்ஸும் காத்திருக்காமல் நிற்க, குறைந்தது எத்தனை நிறுத்துமிடம் வேண்டும்? உனக்கு இது தெரிந்த கணக்குதான், ரயில்வே பிளாட்பாரம் என்று போட்டிருப்பாய். தெரிந்தாலும் உடனே எழுதாதே. முதலில் கேள். நேரங்கள் வரிசையாக இருக்கின்றனவா? ஒரு பஸ் 6.10-க்குக் கிளம்பி இன்னொன்று அதே 6.10-க்கு வந்தால் அந்த இடத்தையே அது எடுத்துக்கொள்ளலாமா? ராத்திரி பன்னிரண்டைத் தாண்டி நிற்கிற பஸ் உண்டா? அப்புறம் சொல்: ஒவ்வொரு பஸ்ஸையும் மற்ற எல்லா பஸ்ஸோடும் ஒப்பிட்டால் விடை வரும், ஆனால் பஸ் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் பிடிக்கும்; அதைவிட, வரும் நேரங்களைத் தனியாகவும் கிளம்பும் நேரங்களைத் தனியாகவும் வரிசைப்படுத்தி, இரண்டு பாயின்டரை, அதாவது பட்டியலுக்கு ஒன்றாக 'இப்போது இங்கே நிற்கிறோம்' என்ற குறியை, நகர்த்தினால் போதும், அடுத்து நடப்பது வருகை என்றால் ஒன்று கூட்டு, புறப்பாடு என்றால் ஒன்று கழி, வழியில் வந்த அதிகபட்ச எண்தான் விடை. எழுதுவதற்கு முன் வாயாலேயே ஓட்டிக் காட்டு: 6.00, 6.05, 6.20-க்கு வந்து, 6.10, 6.30, 6.40-க்குக் கிளம்பினால், ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு, ஆக இரண்டு போதும். நேரம் சமமாக இருந்தால் புறப்பாட்டை முதலில் எடுக்க வேண்டும் என்பதையும் நீயே சொன்னால், இருபது நிமிஷ மௌனத்தைவிட இந்த ஐந்து நிமிஷம் எங்களுக்கு எவ்வளவோ மேல்.

இதைப் பழக ஆள் வேண்டும், சத்தம் போட இடம் வேண்டும். நத்தம் சாலைக் கலைஞர் நூலகத்தில் ஏசியில் உட்கார்ந்து 401-வது கணக்கைப் போடுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு பையனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போ. அவன் கேட்கட்டும், நீ சொல், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். புரோகிராமைத் தானாக நிரப்பித் தராத வெறும் கூகுள் டாக்ஸில் எழுது, 45 நிமிஷம் அலாரம் வை, போனில் பதிவு செய்து திரும்பக் கேள். முதல் பதிவைக் கேட்க உனக்கே கூசும், பரவாயில்லை.

இங்கிலீஷைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. உச்சரிப்புக்கு யாரும் மார்க் போடுவதில்லை. என்னோடு வேலை பார்க்கிற சீனாக்காரர், பிரேசில்காரர் எல்லாரும் அவரவர் ஊர் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். சின்ன வாக்கியமாகப் பேசு, மெதுவாகப் பேசு. வரிக்கு வரி 'சார்' போடாதே, பேரைச் சொல்லியே கூப்பிடு, அதில் மரியாதைக் குறைவு இங்கே கிடையாது. கேள்வி கேட்பவர் ஏதாவது கோடி காட்டினால் அதைப் பிடித்துக்கொள். நம் ஆட்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு தன் வழியிலேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இன்டர்வியூவுக்கு முன்னால் பல கம்பெனிகள் ஹேக்கர்ரேங்க், கோட்சிக்னல் மாதிரி தளங்களில் ஆன்லைன் டெஸ்ட் வைக்கும். அதை ஏஐ வைத்துப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. அடுத்த சுற்றில் "இந்த வரியை ஏன் எழுதினாய்" என்ற ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையே 2025-ல், கூகுளில் குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் வைக்கப் போவதாகச் சொன்னார், காரணம் இதுதான்.

உரக்கடை ஆப்பைத்தான் ரெஸ்யூமேயில் முதலில் போட வேண்டும்! வகுப்பில் எல்லாரும் செய்த அதே சாட்பாட்டை யார் கேட்கப் போகிறார்கள்? உன் அப்பா அதைத் தினமும் கடையில் பயன்படுத்துகிறார் என்றால் அதற்கு ஈடே இல்லை. ஒரே பில்லில் உரத்துக்கு 5%, பூச்சிமருந்துக்கு 18% ஜிஎஸ்டி வருவதை எப்படிக் கையாண்டாய், கரண்ட் போனால் பில் என்ன ஆகும், கடனுக்கு வாங்கிப் போகிறவர் கணக்கு எங்கே நிற்கும், இதையெல்லாம் மூன்று நிமிஷத்தில் சொல்லப் பழகு. "டீமில் சண்டை வந்ததுண்டா, எப்படிச் சமாளித்தாய்" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு "நாங்கள் எல்லாரும் ஒற்றுமை" என்று சொன்னால் பதில் இல்லை. நோட்டுதான் வசதி என்று அப்பாவோ கணக்குப்பிள்ளையோ அடம்பிடித்திருப்பார் இல்லையா, அதைச் சொல். அமேசானுக்குப் போட்டால் அவர்களுடைய 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்களை (வேலை செய்கிற விதம் பற்றிய கம்பெனிக் கொள்கைகள்) ஒருமுறை படித்துவிட்டு, உன் கதைகளில் எது எதற்குப் பொருந்தும் என்று பார்த்து வை.

ரெஸ்யூமே ஒரே பக்கம். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேர், கீழே 'இடம்: மதுரை' என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, எல்லாவற்றையும் எடு. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார். அப்படி இருந்தால் விசாவில் உன் பேர் சர்நேமாகவும், முதல் பேர் 'எஃப்என்யூ' (முதல் பேர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்றும் வந்து நிற்கும், பிறகு காலேஜ், பேங்க், கம்பெனி எல்லா இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாய். நேரமிருந்தால் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடு.

விசா விஷயம் சுருக்கமாக. எஃப்-1 மாணவர் விசாவில் இன்டர்ன் போக சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுக்க முடித்திருக்க வேண்டும், ஆகஸ்ட்டில் சேர்ந்தால் அடுத்த கோடைக்கு அது சரியாக வரும். ஆஃபர் வந்ததும் காலேஜ் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, ஐ-20-ல் (காலேஜ் தருகிற மாணவர் படிவம்) அனுமதி ஏறிய பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போகலாம், ஒரு நாள் முன்னால் கூடக் கூடாது. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் பிறகு ஓபிடி (படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கும் அனுமதி) கிடைக்காது. மூன்று மாத இன்டர்ன்ஷிப்பால் ஒன்றும் ஆகாது. விண்ணப்பத்தில் "பின்னாளில் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா", அதாவது வேலை விசாவுக்குக் கம்பெனி விண்ணப்பிக்க வேண்டியிருக்குமா, என்று கேட்டால் ஆமாம் என்றே போடு. அதைப் பார்த்துச் சில கம்பெனிகள் உடனே கழித்துவிடும், பாதுகாப்புத் துறைக் கம்பெனிகளில் பல, அமெரிக்கக் குடிமக்களைத்தான் எடுக்கும், அவற்றில் நேரத்தை வீணாக்காதே.

மாட்டுத்தாவணிக் கணக்கை நீ பேசிக்கொண்டே போட்ட பதிவையும், உறுதிமொழியை எடுத்துவிட்ட ரெஸ்யூமேயையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சாயங்காலம் 7 மணி என்றால் எனக்குக் காலை 9.30, அந்த நேரத்தில் ஒரு மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை, வைத்துக்கொள்ளலாம். கூட மாடிக்கு வருகிற பையனும் வரட்டும்.