பிளேட் வைத்த கணுக்கால்: எத்தனை கிலோ ஊன்றலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது, எடை 64 கிலோ, சர்க்கரை இல்லை. குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் மூன்று இடத்தில் முறிந்து, மூட்டும் விலகிவிட்டது. புதுச்சேரியில் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், ‘கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்’ என்றார். அம்மா பயந்துபோய்க் காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறார். சாயங்காலமானால் கால் வீங்கிக் கறுக்கிறது. எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார்கள் உறவினர்கள். ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம்? பிளேட்டை எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதைக் கிலோவில் சொல்லியிருந்தால் அம்மாவின் பயம் பாதி குறைந்திருக்கும். எடை பார்க்கும் மிஷின் ஒன்றைத் தரையில் வையுங்கள். பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலகை. இடது கால் பலகையில், வலது கால் மிஷினில், இரண்டு கையும் வாக்கரில். முள் 16 கிலோ காட்டும்வரை வலது காலை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். அது அவர் எடையில் கால்வாசி. பத்துத் தடவை செய்தால் அந்த அழுத்தம் காலுக்குப் பழகிவிடும். அதே அளவில்தான் அந்த வாரம் நடக்க வேண்டும். அடுத்த வாரம் 32, அதற்கடுத்து 48, நான்காவது வாரம் முழு எடை. ஊன்றும்போது ஓரளவு வலிக்கத்தான் செய்யும். மறுநாள் காலைக்குள் அந்த வலி அடங்கினால் மேலே போகலாம். அடங்காவிட்டால் இன்னொரு வாரம் அதே கிலோவில் நிற்கட்டும். டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

நடக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். பலர் நுனிக்காலில் நடப்பார்கள், அல்லது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்கள். ஆறு வாரம் அசையாமல் கிடந்த கெண்டைக்கால் தசை சுருங்கிவிடுவதால், பாதம் மேல்நோக்கி மடங்குவதில்லை. மடங்காமலே நடக்க உடம்பு கண்டுபிடிக்கும் குறுக்குவழி இது. பழகிவிட்டால் முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். சாதாரணமாக நடக்கவே பாதம் சுமார் 10 டிகிரி மேலே மடங்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, தன் பக்கம் இழுத்து 30 விநாடி பிடிக்கட்டும். ஐந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முழங்கால் மடங்கக் கூடாது.

வாக்கரை விட்டபின் கைத்தடி இடது கையில். அடிபட்ட பக்கமே பிடிப்பதுதான் வழக்கமான தவறு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். புதுச்சேரிக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது பஸ் வேண்டாம். பஸ்ஸின் முதல் படி வீட்டுப் படியைவிட உயரம்.

சாயங்கால வீக்கம் எதிர்பார்த்ததுதான். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலேறும். அது வேலை செய்யாததால் தேங்குகிறது, தோல் கறுக்கிறது. ஸ்டூலில் காலை வைப்பது போதாது. படுத்துக்கொண்டு, இரண்டு தலையணையில் நெஞ்சைவிட உயரமாக 20 நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. அப்போது கறுப்பு மறைந்து வீக்கம் இறங்கினால் கவலை இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம்கூட இப்படி வந்து போகும். கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலும், போர்வை பட்டாலே எரிகிற அளவுக்கு வலித்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு வருவோம். புண் நன்றாக ஆறியிருந்தால், தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் ஐந்து நிமிடம் தேய்ப்பது நல்லதே. தோல் உள்ளே ஒட்டிக்கொள்ளாது. ஆனால் நீவி இழுத்து, திருகி, சொடுக்கெடுப்பது கூடவே கூடாது. பாத எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான் பிளேட்டே வைத்தார்கள். சுடு ஒத்தடமும் வேண்டாம். தழும்பைச் சுற்றி மரத்திருக்கும். தோல் வெந்தாலும் தெரியாது.

ஸ்கூட்டருக்குக் கால் பிரேக் இல்லை என்று அவசரப்படாதீர்கள். சிக்னலில் வண்டி சாய்ந்தால் அந்தக் கால்தான் தாங்க வேண்டும். வலது காலில் மட்டும் 10 விநாடி ஆடாமல் நின்று, ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதிகாலை உயர்த்த முடிந்தபின் ஓட்டலாம். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள் அது முடிவது அபூர்வம். குந்தி உட்காருவது எல்லாவற்றுக்கும் கடைசி; சிலருக்கு முழுதாகத் திரும்பாது. அதுவரை வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோடு நாற்காலி. நடைப்பயிற்சிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை நல்ல இடம்: தரை மட்டம், மாலை ஆறு மணிக்கு மேல் வண்டியும் வராது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் இப்போது இறங்க வேண்டாம். மணலில் பாதம் பக்கவாட்டில் புரளும்.

பிளேட் செருப்பில் உரசினாலோ, தொடர்ந்து வலித்தாலோ ஒழிய எடுக்க வேண்டியதில்லை. எடுப்பதானாலும் பொதுவாக ஒரு வருடம் கழித்துத்தான். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பையும் சேர்த்துக் குறுக்கே ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அது முழு எடை ஊன்றியபின் உள்ளேயே தளரலாம், உடையவும் செய்யலாம். எக்ஸ்ரேயில் அப்படித் தெரிந்து, அம்மாவுக்கு வலியும் இல்லையென்றால், பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள்.