குறைமாதக் குழந்தைக்கு வயிற்றுக்குள்ளேயே எலும்பு முறியுமா?

‘எட்டாம் மாதத்தில் பிறந்த என் குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருப்பது முதல் நாள் எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. நான் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ததாலா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லவே இல்லை. குழந்தை பனிக்குட நீரில் மிதக்கிறது. வீட்டு வேலைக்கெல்லாம் எலும்பு முறியாது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். உறவுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இதே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அழும் அம்மாக்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை.

முறிவு எப்போது நடந்தது என்பதற்கு எக்ஸ்ரேயிலேயே தடயம் இருக்கும். முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு படிந்து புடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது படத்தில் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பிறந்த அன்றே தெரிந்தால், வயிற்றுக்குள் முறிந்து அங்கேயே ஒன்றுசேரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; பிரசவத்தில் யாரும் இழுத்து முறிந்ததல்ல.

அப்படியானால் முதலில் சந்தேகிப்பது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் சரியாக உருவாகாத மரபணுக் கோளாறு இது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும். சில குழந்தைகளுக்குக் கண்ணின் வெள்ளை நீலம் பூத்திருக்கும். தசை பலவீனத்தால் கருவில் அசைவே குறைந்த குழந்தைகளுக்கும் எலும்பு மெலிந்து முறியலாம். பிரசவ வலியை நிறுத்த உங்களுக்கு மெக்னீசியம் சல்பேட் நாள்கணக்கில் ஏற்றினார்களா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 5–7 நாட்களுக்கு மேல் தொடர்ந்து கொடுத்தால் சிசுவின் எலும்பு பாதிக்கப்படலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் எச்சரித்திருக்கிறது.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கால்சியம், பாஸ்பரஸ் குறைவால் வரும் முறிவு வேறு. இந்தச் சத்துகளில் சுமார் 80 சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேரும். சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு அது முழுதாகக் கிடைக்காமல் எலும்பு மெல்ல மெல்ல மெலிவதால், அந்த முறிவு பிறந்து சில வாரம் கழித்தே வரும். முதல் நாள் முறிவுக்கு அதைக் காரணம் சொல்லி விட்டுவிடாமல், மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

அதுவரை குழந்தையைத் தூக்கும் விதம் முக்கியம். டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. விரல்களை விரித்து உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை போடுங்கள். அப்புறம், பாட்டி ஆசையாகக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை காலை உருவிவிட வருவார். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அது வேண்டாம். ரத்தம் எடுக்க வருபவரிடமும் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.