பால் கவரைக் கழுவித்தான் தரணுமா? உலர் கழிவு மையம்: கேள்வி-பதில்

காகிதம், பிளாஸ்டிக் போன்ற காய்ந்த குப்பையைச் சேர்த்துப் பிரிக்கும் சென்னை உலர் கழிவு மையம் ஒன்றில் 11 வருஷம் குப்பை பிரிக்கும் மேசை முன்னால் நின்றவன் நான். யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் சமையலறைக் குப்பைக் கூடைக்குத்தான் போகும். வீட்டில் இதற்குத் திட்டு வாங்குவது தனிக்கதை. வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பால் கவர், தயிர் டப்பா, எண்ணெய் பாக்கெட் எல்லாவற்றையும் கழுவித் தரச் சொல்கிறார்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற எங்களால் குப்பையையும் கழுவ முடியுமா? (வாசகி, மடிப்பாக்கம்)

கோபம் நியாயம்தான். நல்ல தண்ணீரை இதற்குச் செலவழிக்க வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரோ, பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரோ போதும். ஒரு வாய் ஊற்றி, குலுக்கி, கொட்டிவிடுங்கள். பளபளவென்று ஆக வேண்டியதில்லை. கையில் ஒட்டாமல், நாற்றம் அடிக்காமல் இருந்தால் சரி.

எதற்கு இந்தப் பாடு? ஒரு தயிர் டப்பாவைக் கழுவாமல் மூட்டையில் போட்டுக் கட்டி, சித்திரை வெயிலில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் செய்தித்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் நனைந்து புழு வைத்துவிடும். அந்தக் காகிதத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு டப்பாவால் ஐந்து கிலோ காகிதம் வீண். அந்த மூட்டையை அவிழ்ப்பது இயந்திரம் இல்லை. ஓர் அம்மா, வெறும் கையோடு. கையுறை கொடுத்தாலும் வியர்க்கிறது என்று கழற்றிவிடுவார்கள்.

பால் கவருக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம். மூலையை முழுசாக வெட்டித் தனியே போடாதீர்கள், ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அந்தத் துணுக்கு எந்தக் கையிலும் அகப்படாது, நேராகக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். பால் ஊற்றியதும் கவரைப் பிளந்து அலசி, ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பால் கவர் நல்ல சரக்கு. காயலான் கடைக்காரரே எடை போட்டு வாங்குவார்.

எண்ணெய் பாக்கெட்டைக் கழுவி மாளாது. கவிழ்த்து வடியவிட்டு, பழைய காகிதத்தால் துடைத்துப் போடுங்கள். துடைத்த காகிதம் மக்கும் குப்பைக்கு.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று போட்டிருக்கிறது. முக்கோணம் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

இல்லை தம்பி. அந்த எண் பிளாஸ்டிக்கின் ஜாதகம், அவ்வளவுதான். எந்த வகை என்று சொல்லும். அதற்கு நல்ல காலம் உண்டா என்று சொல்லாது.

1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில். 2 ஷாம்பு பாட்டில், பினாயில் கேன். 4 பால் கவர் மாதிரி மெல்லிய உறை. 5 பார்சல் சாப்பாட்டு டப்பா, வாளி, குவளை. இந்த நாலுக்கும் வாங்க ஆள் உண்டு. 3 பி.வி.சி. குழாய், அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மற்றதோடு கலந்து உருக்கினால் மொத்தச் சரக்கும் கெட்டுவிடும். 6 தெர்மோகோல் குடும்பம். 7 என்பது ‘மற்றவை’. எதிலும் சேராதது, பலதும் கலந்தது எல்லாம் அதற்குள். பெரும்பாலும் அதை வாங்க ஆள் கிடைக்காது.

இவ்வளவு சொன்னாலும், எங்கள் மேசையில் யாரும் எண்ணைத் தேடிப் பார்த்து நான் கண்டதில்லை. நசுக்கினால் வரும் சத்தம், மடித்தால் விழும் வெள்ளைக் கோடு, விரலில் உணரும் வழவழப்பு, இவற்றை வைத்தே பிரித்துப் போட்டுக்கொண்டே போவார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் படிப்பதற்குள் அவர்கள் பத்து உருப்படியை முடித்திருப்பார்கள்.

பாட்டில் மூடியைக் கழற்றித்தான் தரணுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூடி வேறு வகை, பாட்டில் வேறு வகை. ஆலையில் தூளாக்கித் தண்ணீரில் போடும்போது பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். அப்படியே பிரிந்துவிடும். அதனால் மூடியோடு தரலாம், தனியாகவும் தரலாம். உள்ளே தண்ணீர் மட்டும் இருக்கக் கூடாது. நசுக்கித் தந்தால் இடம் மிச்சம்.

சிப்ஸ், பிஸ்கட் உறைகளை மையத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அவற்றை என்னதான் செய்வார்கள்? பிளாஸ்டிக்கில் ரோடு போடலாம் என்கிறார்களே? நான் அவற்றைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்துத் தருகிறேன், சரியா? (வாசகர், குரோம்பேட்டை)

மூன்று கேள்வி, மூன்றும் நல்ல கேள்வி.

அந்த உறை பார்க்க ஒரே தாள் மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக், உலோகப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது. காசு கொடுத்து வாங்க ஆள் இல்லாததால் கட்டுக் கட்டாக அமுக்கி சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். நம் பக்கத்தில் அரியலூர் ஆலைகளுக்குப் போகும். சூளைக்குள் சுமார் 1,450 டிகிரி வெப்பம். நிலக்கரியில் ஒரு பங்குக்குப் பதிலாக இது எரியும். தெருவோரம் எரிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது எரிப்புதான்.

ரோடு போடலாம் என்பது உண்மை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படியும். பிறகு தார். பிளாஸ்டிக் காய்ந்து, மண் இல்லாமல் இருக்க வேண்டும். பி.வி.சி. கலக்கவே கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும். ஆக, ரோட்டில் போடுவதாக இருந்தாலும் உங்கள் வீட்டில் அலசித்தான் ஆக வேண்டும்.

பாட்டிலில் அடைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விலை போகும் பாட்டிலுக்குள் விலை போகாத உறையைத் திணித்தால் பாட்டிலும் கெட்டது. அதை அறுத்துக் கொட்ட ஒருவர் மெனக்கெட வேண்டும். உறைகளை ஒரு பையில் தனியாகத் தந்தால் போதும்.

எந்தெந்தக் காகிதத்தைத் தரக் கூடாது? (பலர்)

கடை பில், ஏடிஎம் சீட்டு: நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அது ரசாயனம் பூசிய தாள், கூடாது. டிஷ்யூ, எண்ணெய் இறங்கிய பீட்சா அட்டை கூடாது. அட்டையின் மேல்மூடி சுத்தமாக இருந்தால் கிழித்து அதை மட்டும் தரலாம். டீக்கடைக் காகிதக் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதுவும் காகிதமாகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள தடைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. கடைகளில் இன்னும் கிடைப்பது வேறு விஷயம்.

ஜூஸ், பால் வரும் டெட்ரா பேக்கை அலசி, தட்டையாக்கித் தனியாகத் தாருங்கள். பாதிக்கு மேல் அட்டைதான் என்றாலும் அதைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். செய்தித்தாளோடு கலந்தால் பயனில்லை.

துணிக்கடையில் தந்த துணிப்பைகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. துணியோடு போடலாமா? (வாசகி, அம்பத்தூர்)

உற்றுப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாமல் மேலெல்லாம் சின்னப் புள்ளி அச்சு இருந்தால் அது துணி இல்லை. பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். கொஞ்ச நாளில் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். தமிழ்நாட்டில் இதற்கும் தடை உண்டு. இருப்பதைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக்கோடு தாருங்கள்.

பழைய செல்போன் பேட்டரி, ரிமோட், டியூப்லைட்டை அதே மூட்டையில் போடலாமா? (வாசகர், போரூர்)

போடவே போடாதீர்கள். ஒரு மதியம் எங்கள் மையத்தில் அட்டைக் கட்டிலிருந்து புகை வந்தது. யாரோ பவர் பேங்கை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மூடி அனுப்பியிருந்தார்கள். மூட்டையை மிதித்து அமுக்கும்போது அது நசுங்கிவிட்டது. மணல் வாளி பக்கத்திலேயே இருந்தது, பிழைத்தோம். பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் கூரை போயிருக்கும்.

பேட்டரியின் முனைகளில் செலோடேப் ஒட்டி, தனிப் பையில், கையோடு கொடுங்கள். உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய கருவிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. அதனால் புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். எல்.இ.டி. அல்லாத பழைய வகை டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு இரண்டிலும் பாதரசம் உண்டு. புதியது வந்த அட்டை உறையிலேயே உடையாமல் வைத்து, உள்ளே என்ன என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

நாங்கள் பிரித்துத் தருகிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்கு இந்த வேலை? (ஏழெட்டுப் பேர், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்)

நடக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன். படம் எடுத்து மாநகராட்சியின் 1913-க்குப் புகார் செய்யுங்கள். தெருவே சேர்ந்து செய்தால் பலன் கூடுதல்.

ஆனால் உலர் கழிவைத் தினசரி வண்டியில் போடவேண்டும் என்று யார் சொன்னது? காய்ந்த பொருள் நாறாது. பால்கனியில் ஒரு அரிசிச் சாக்கு வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீங்களே மையத்தில் சேர்த்துவிடுங்கள். சில மையங்களில் நேரில் வாங்குவார்கள், சில இடங்களில் வண்டி மூலம் வருவதை மட்டும்தான் எடுப்பார்கள். முதல் தடவை சாக்கைத் தூக்கிக்கொண்டு அலையாமல் உங்கள் வார்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் தினமும் வண்டிக்குப் போவது மக்கும் குப்பை மட்டும்தான். கலப்பதற்கு எதுவும் இருக்காது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைத்து நின்ற பெருங்குடி குப்பைமேட்டை இயந்திரம் வைத்துத் தோண்டி, சலித்து, பிளாஸ்டிக் வேறு மண் வேறாகப் பிரித்திருக்கிறார்கள். நம் சமையலறையில் இரண்டு கூடை வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை அது.

காயலான் கடையில் போட்டால் காசு கிடைக்கிறது. மையத்துக்கு ஏன் சும்மா தர வேண்டும்? (வாசகர், வியாசர்பாடி)

நன்றாகப் போடுங்கள். மறுசுழற்சி என்ற சொல்லே நாம் கேள்விப்படாத காலத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் காயலான் கடைக்காரர். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்தாலும் சரிதான்.

ஆனால் ஒன்று. பேப்பர், இரும்பு, பாட்டில் எல்லாம் கடைக்கும், சிப்ஸ் உறையும் கிழிந்த செருப்பும் மட்டும் மையத்துக்கும் என்றால் மையம் எப்படி ஓடும்? விலை போகும் சரக்கில் வரும் காசில்தான் விலை போகாததை அள்ள வேண்டியிருக்கிறது. பல இடங்களில் பிரிப்பவர்களுக்கு மிஞ்சுவதும் அந்த விற்பனைக் காசுதான். அதனால் உறையைக் கொண்டு வரும்போது நாலு அட்டைப்பெட்டியும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.

பெயர் வேண்டாம். வீட்டில் காலி மதுபாட்டில்கள் சேர்ந்துவிட்டன. (வாசகர், ஊரும் வேண்டாமாம்)

வெட்கப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி கண்ணாடிதான். டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் வந்தது. உங்கள் ஊரில் இருந்தால் அங்கேயே கொடுங்கள். மற்ற பாட்டில்கள் மையத்துக்கு. உடைந்ததைக் கெட்டி அட்டையில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் இரண்டும் பாட்டிலோடு சேராது. முன்னதில் பின்பக்கப் பூச்சு உண்டு, பின்னது உருகும் சூடு வேறு.

டயபர், நாப்கின், இன்சுலின் ஊசி? (வாசகி, ஆவடி)

மையத்துக்குக் கூடவே கூடாது. டயபரையும் நாப்கினையும் செய்தித்தாளில் சுற்றி, அடையாளமாகச் சிவப்புப் புள்ளி வைத்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, நிறைந்ததும் நீங்கள் போகும் மருத்துவமனையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கையில் ஊசி குத்தி, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தூங்காமல் கிடந்த ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

மையம் பூட்டியிருந்தால் வாசலில் வைத்துவிட்டு வரலாமா? (வாசகர், மேடவாக்கம்)

வேண்டாம். இரவில் மாடு கிழிக்கும், நாய் இழுக்கும், மழை வந்தால் காகிதம் கூழ். மறுநாள் காலையில் வருபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் தெருவைக் கூட்டுவதிலேயே போய்விடும். மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றுங்கள். உள்ளே இருப்பது காய்ந்த சரக்குதான் என்றால் இன்னும் ஒரு வாரம் உங்கள் பால்கனியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.