ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால்? – வாசகர் கேள்வி பதில்

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் பழைய கேமராக்களும், ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம் டப்பாக்களும் விற்கிறேன். ஒரு கேமராவை 63 டாலருக்கு ஏலம் எடுத்த வெளிநாட்டுக்காரர் பணமும் கட்டவில்லை, பதிலும் போடவில்லை. நானே ரத்து செய்யலாமா?
– வாசகர், குன்னூர்

செய்யலாம். ஆனால் நாளையும் காரணத்தையும் பார்த்துச் செய்யுங்கள். பணம் கட்ட ஈபே 4 நாள் அவகாசம் தருகிறது. ஏலம் முடிந்த அன்றே தபால் செலவையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி இன்வாய்ஸ் அனுப்பிவிடுங்கள். பணம் கட்டாத எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. தபால் செலவைப் பார்த்து மலைத்துப்போனவர்கள் உண்டு, உங்களிடமே இன்னொரு பொருளையும் எடுத்துச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. மூன்றாம் நாள் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போதும். மிரட்டி எழுத வேண்டாம்.

5-ஆம் நாள் ரத்து செய்யும்போது ‘வாங்கியவர் பணம் செலுத்தவில்லை’ என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ‘பொருள் கையிருப்பில் இல்லை’ என்று கொடுத்தால் அது உங்கள் கணக்கில் குறையாக ஏறும். ‘வாங்கியவர் கேட்டுக்கொண்டார்’ என்று கொடுத்தால் அவர் பெயரில் எந்தப் பதிவும் விழாது, அடுத்த விற்பனையாளரிடமும் இதையே செய்வார். சரியான காரணம் கொடுத்தால் விற்பனைக் கட்டணம் உங்களுக்குத் திரும்ப வரவாகும், அவர் கணக்கிலும் பதிவாகும். அப்படிப் பதிவு சேர்ந்தவர்கள் உங்கள் பொருளுக்கு ஏலம் கேட்க முடியாதபடி, விற்பனையாளர் அமைப்புகளில் வாங்குபவருக்கான நிபந்தனைகளை இன்றே மாற்றிவையுங்கள்.

அடுத்தபடி அதிகம் கேட்டவருக்கு ‘இரண்டாம் வாய்ப்பு’ அனுப்பலாம். அதற்கு முன் ஏலப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஓடிப்போனவர் உச்சவரம்பாக 80 டாலர் வைத்திருந்தார், இரண்டாமவர் 62, மூன்றாமவர் 35 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எவ்வளவு உச்சவரம்பு வைத்தாலும், அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி (இங்கே ஒரு டாலர்) மட்டுமே ஈபே விலையை ஏற்றும். அதனால்தான் ஏலம் 63-இல் நின்றது. ஓடிப்போனவர் வராமலே இருந்திருந்தால் இரண்டாமவர் 36 டாலருக்கே எடுத்திருப்பார். இரண்டாம் வாய்ப்போ அவர் கேட்ட 62-க்குத்தான் போகும். 62 தர அவரே முன்வந்தவர் என்பது உண்மைதான், ஆனாலும் பணம் கட்டாத ஒருவர் ஏற்றிவிட்ட விலை அது. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்தால் புதிதாக ஏலம் விடுவதே நேர்மை என்பது எங்கள் கருத்து. இரண்டு மூன்று டாலர்தான் வித்தியாசம் என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜூன், ஜூலை மழையில் இரண்டு வாரம் அட்டைப்பெட்டியில் மூடிக் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஆரம்பிக்கும், டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்தால்தான் தெரியும். ஆகவே பணம் வரும்வரை கேமராவை பார்சல் கட்டாதீர்கள். மூடி இறுகப் பொருந்தும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். மறுபடி ஏலம் விடும்போது பழைய படத்தைப் போடாமல் அன்றைய நிலையைப் படமெடுத்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பழைய நாணயமும் மலை ரயிலின் அட்டை டிக்கெட்டும் ஏலம் விடுகிறோம். ‘ஜிபே பண்ணிட்டேன்’ என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள், பணம் வருவதில்லை.
– வாசகி, கோத்தகிரி

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. அதில் இருக்கும் 12 இலக்க யூ.டி.ஆர். எண்ணையும் (பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) போலியாக எழுதலாம், வங்கியிலிருந்து வந்த மாதிரி எஸ்.எம்.எஸ். கூட அனுப்பலாம். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, தொகை வரவாகியிருக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் தபால் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும். ‘பணம் அனுப்பியிருக்கேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். பின் நம்பர் பணம் அனுப்பத்தான், பணம் வாங்க ஒருபோதும் தேவையில்லை. அப்படிப் போட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

குழு விதியை ஒவ்வொரு ஏலப் பதிவின் அடியிலும் எழுதுங்கள்: ஏலம் முடியும் நேரம், பணம் கட்ட 24 மணி நேரம், தவறினால் அடுத்துக் கேட்டவருக்கு, இரண்டு முறை தவறினால் குழுவிலிருந்து நீக்கம். இரண்டு மணி நேரக் கெடு வேண்டாம். மழை பெய்தால் கரண்ட்டும் டவரும் சேர்ந்தே போகிற ஊர் நம்முடையது.

ரூ.9,000-க்கு ஏலம் எடுத்தவர் பின்வாங்கிவிட்டார். மறுபடி விற்றால் ரூ.7,500-தான் கிடைக்கும்போலிருக்கிறது. நஷ்டத்தை அவரிடம் கேட்க முடியுமா?
– வாசகர், கூடலூர்

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, ஏலம் முடிந்தது என்று அறிவிக்கும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். அறிவித்துவிட்டால் விற்பனை முடிந்தது. பணம் வராமல் பொருள் உங்கள் கையிலேயே இருந்தால் 54-ஆம் பிரிவு உதவும்: ‘இன்ன தேதிக்குள் பணம் தராவிட்டால் வேறு ஒருவருக்கு விற்றுவிடுவேன்’ என்று முதலில் அவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நியாயமான அவகாசத்துக்குப் பிறகு விற்றால், குறைந்த ரூ.1,500-ஐக் கேட்க உரிமை உண்டு. அறிவிப்பு கொடுக்காமல் விற்றால் அந்த உரிமை போய்விடும், கூடுதல் விலைக்கு விற்றிருந்தாலோ லாபத்தை அவர் கேட்கலாம்! நுகர்வோர் ஆணையம் வாங்குபவருக்கானது, நீங்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ரூ.1,500-க்காக கோர்ட் படி ஏறச் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த அறிவிப்பை மட்டும் வாட்ஸ்அப்பிலாவது தேதியோடு அனுப்பிவையுங்கள். பணம் கட்டாதவர்களில் சிலர் அதைப் பார்த்ததும் கட்டிவிடுவார்கள்.

ஈபேயில் ரத்து செய்து, இரண்டாமவருக்கு வாய்ப்பும் அனுப்பிய பிறகு முதலாமவர் பணத்தோடு வருகிறார். யாருக்குத் தருவது?
– அதே குன்னூர் வாசகர்

இரண்டாமவருக்கு. 1, 3, 5 அல்லது 7 நாள் என்று நீங்கள் குறித்த கெடு முடியும்வரை பொருள் அவருக்காகவே காத்திருக்கட்டும். அவர் எடுக்கவில்லையென்றால் புதிதாகப் பட்டியலிட்டு முதலாமவரிடம் சொல்லுங்கள். நிலையான விலையில், உடனே பணம் கட்டினால்தான் வாங்க முடியும் என்ற அமைப்போடு போடுங்கள்.