வேரில் உப்பு, தண்டில் வெயில்: மாமரம் பற்றிய வாசகர் கேள்விகள்

மா பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சென்னைப் பெற்றோர் எழுதியவை. அவற்றையும் உள்ளூர்க் கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். அரிசோனா பாலையிலும் நீலாங்கரையிலும் மாமரத்துக்கு வரும் நோவு பல சமயம் ஒன்றேதான்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், அரிசோனா பாலையில் உள்ள ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறாள். ஜூன் மாதம் வாங்கி நட்ட இரண்டு ஒட்டு மாங்கன்றுகளும் ஒரே மாதத்தில் கருகிவிட்டன. நம்மூர்க் கத்திரி வெயிலையே தாங்கும் மரம் அங்கே ஏன் தாங்கவில்லை? இன்னொரு முறை வைக்கலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: தாராளமாக வைக்கலாம். அந்த ஊரில் வீட்டுத் தோட்டத்து மா காய்க்கிறது. ஆனால் ஜூன் நடவு வேண்டவே வேண்டாம்.

நம் கத்திரியில் வெயில் 41, 42 டிகிரி ஏறினாலும் பல நாட்கள் பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும், காற்றில் ஈரமும் உண்டு. ஃபீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. காற்றோ எலும்பாகக் காய்ந்த காற்று. வேர் ஊன்றிய மரம் இதைத் தாங்கும். தொட்டியிலிருந்து எடுத்து நட்ட கன்றுக்கு வேர் ஒரு சாண் கூடப் பரவியிருக்காது. இலை இழக்கும் நீரை அந்த வேரால் ஈடுகட்ட முடியாது. எனவே நடவு மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவுக்குள் முடிய வேண்டும். உறைபனி பயம் நீங்கியிருக்கும், கோடைக்கு முன் இரண்டு மாதம் வேர் ஓட அவகாசமும் கிடைக்கும்.

இடம்: கிழக்கு அல்லது தெற்கு பார்த்த சுவர் அருகே, ஏழெட்டு அடி தள்ளி. மேற்கு பார்த்த சுவர் கூடாது. மாலை வெயிலை வாங்கி இரவு வரை கக்கும். அந்த ஊரில் தரையில் பரப்பும் சரளைக் கல்லும் அப்படித்தான், கன்றைச் சுற்றி நான்கு அடிக்கு அதை அகற்றிவிடச் சொல்லுங்கள்.

குழி: நம்மூரில் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டித் தொழுவுரம் நிரப்புவோம். அங்கே ஆழம் தொட்டியளவு போதும், அகலம் அதைப்போல மூன்று மடங்கு. வெட்டியதும் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். மறுநாளும் நின்றால் அடியில் சுண்ணாம்புப் பாறை போல இறுகிய அடுக்கு இருக்கிறது. கடப்பாரையால் அதைத் துளைத்து வடிய வழி செய்யாமல் நட்டால் வேர் அழுகும். குழியை எடுத்த மண்ணாலேயே மூட வேண்டும். உரம் கலந்த மென்மண்ணை மட்டும் நிரப்பினால், சுற்றியுள்ள கெட்டி மண்ணுக்கு நடுவே அது ஒரு கிண்ணம் போல நீரைத் தேக்கும், உரம் மக்க மக்கக் கன்றும் கீழே இறங்கிவிடும். மக்கிய உரம் மேலே போடத்தான். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரையடியாவது தெரிய வேண்டும். தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் வேரை நறுக்கிவிடச் சொல்லுங்கள். அப்படியே நட்டால் வளர்ந்த பிறகும் அது சுருளாகவே இருக்கும், பெருங்காற்றில் மரம் சாய அதுவே காரணம் ஆகும்.

நிழல்: முதல் இரண்டு கோடைக்கு இது கட்டாயம். நான்கு கம்பு நட்டு, 50 சதவீத நிழல்வலையை மேலேயும் தெற்கு, மேற்குப் பக்கங்களிலும் மே முதல் செப்டம்பர் வரை கட்ட வேண்டும். கிழக்கு திறந்திருக்கட்டும், காலை வெயில் நல்லது. வலை இலையில் உரசக் கூடாது. தண்டுக்கும் வெயில் படும் கிளைகளுக்கும் வெள்ளை வாட்டர் பெயிண்ட்டில் சம அளவு தண்ணீர் கலந்து பூச வேண்டும். ஆயில் பெயிண்ட் கூடாது. பூசாத தண்டில் தென்மேற்குப் பக்கப் பட்டை வெந்து, வெடித்து, உரியும். அந்தப் பக்கம் சாறு ஓட்டம் நின்றுபோகும்.

தண்ணீர்: முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர், அதுவும் தண்டையொட்டிய வேர்ப்பந்தின் மேலேயே. தொட்டி மண் தோட்ட மண்ணைவிடச் சீக்கிரம் உலரும். வெளியே தொட்டால் ஈரமாக இருக்கும், உள்ளே வேர்ப்பந்து சருகாகிக் கிடக்கும். நன்றாகத் தண்ணீர் விட்டும் கன்று காய்ந்துவிட்டது என்பவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். முதல் கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை 25 லிட்டர். மூன்றாம் ஆண்டில் மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவான் நான்கை இலைவிரிப்பின் விளிம்புக்கு நேர் கீழே வைத்து ஐந்து மணி நேரம் ஓடவிட்டால் 80 லிட்டர். கோடையில் இது வாரம் ஒருமுறை, மணற்பாங்கான இடமென்றால் ஐந்து நாளைக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். விட்ட நீர் எவ்வளவு ஆழம் போனது என்று பார்க்க, பென்சில் பருமனில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகச் சொல்லுங்கள். ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் தொட்டதும் நிற்கும். இரண்டடி இறங்க வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. வேர் மேலேயே தங்கும், உப்பும் அங்கேயே சேரும்.

கேள்வி: எங்கள் வீட்டு பங்கனப்பள்ளிக்கு ஆறு வயது. இலை நுனி பழுப்பாகிக் கருகுகிறது. தண்ணீர் போதவில்லை என்கிறார் தோட்டக்காரர், அதிகம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் போரில் உப்பு நீர், ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை ஊற்றுகிறோம். (வாசகர், நீலாங்கரை)

பதில்: இருவர் சொல்வதும் இல்லை, உப்பு. அந்தக் கழிவு நீரை இன்றே நிறுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் குடிநீரிலிருந்து பிரித்த உப்பை எல்லாம் அந்தக் குழாயில்தான் தள்ளுகிறது. உள்ளே போகும் நீரில் பாதி குடிநீராகப் பிரிந்தால், மீதியில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். உங்கள் போர் நீரைவிட மோசமானதை மரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். துணி அலச, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். உப்பு போட்டுக் கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் நீரும் ஆகாது. அதில் சுண்ணாம்புச் சத்து போய் சோடியம் வந்திருக்கும். சோடியம் மண்ணை இறுக்கும், இலையையும் எரிக்கும். ஃபீனிக்ஸ் வீடுகளிலும் இந்தக் கருவி சகஜம். அங்கிருப்பவர்கள் தோட்டக் குழாய் சாஃப்ட்னருக்கு முன்னால் பிரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். 500க்குள் இருந்தால் கவலையில்லை. 1000 தாண்டினால் மா திணறும். ஏ.சி. சொட்டு நீரில் உப்பே இல்லை எனலாம். சென்னைப் புழுக்கத்தில் ஒரு ஏ.சி. ஒரு இரவுக்கு ஒரு பக்கெட்டாவது தரும், வீணாக்காதீர்கள். மாடி மழைநீரை மரத்தடிக்குத் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது. நமக்கு ஆண்டுக்குச் சராசரி 1400 மில்லிமீட்டர் மழை. ஐப்பசி கார்த்திகையில் வேரடி உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது அந்த மழைதான். ஃபீனிக்ஸில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டர்கூட இல்லை, பாய்ச்சும் நீரில் கொலராடோ ஆற்று உப்பும் உண்டு. அதனால் அங்கே ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் தலா ஒருமுறை வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு நீர் விட்டு உப்பை ஆழத்துக்குத் தள்ள வேண்டும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: மண்மேல் வெள்ளையாகப் பூத்த உப்பை ஒரு சிறு தூறல் கரைத்து நேரே வேருக்குக் கொண்டுபோகும். தூறல் விழுந்த அன்றே சொட்டுநீரையும் திறந்துவிட வேண்டும்.

இலையை இப்படிப் படியுங்கள். முதிர்ந்த இலையில் நுனியும் ஓரமும் கருகினால் உப்பு. துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. துளிர் சிறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகக் குறை. வெயில் பார்த்த பக்கத்து இலையில் நடுவே மட்டும் காகிதம் போல வெளிறியிருந்தால் வெயில் சுட்டது. இலை துவண்டால் மட்டும் அவசரப்பட்டு நீர் ஊற்றாதீர்கள், முதலில் கம்பியைச் செருகிப் பாருங்கள். ஈர மண்ணில் துவண்டால் வேர் மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

பாலை மண் காரமானது, கார அமில எண் 8ஐ ஒட்டி இருக்கும். அங்கே இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மரத்துக்குப் போய்ச் சேராது. ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச் செலேட்டை (இரும்பை மண் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் கலவை) கேட்டு வாங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. வகை அந்தக் காரத்தில் நிற்காது. முதல் வகைக்கு விலை கூடத்தான், ஆனால் வேலை செய்வது அதுதான்.

கேள்வி: மகன் வீட்டில் நட இங்கிருந்து இமாம் பசந்த் கன்று எடுத்துப் போகலாமா? எந்த ரகம் பாலைக்கு ஏற்றது? (வாசகர், தாம்பரம்)

பதில்: மண்ணோடு கன்றை அமெரிக்காவுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. அங்கேயே வாங்கட்டும். நம் நாக்குக்குப் பழகிய சுவை வேண்டுமென்றால் மல்லிகா கிடைக்கிறது. அது நீலமும் தசேரியும் கலந்த ரகம், மரமும் அடக்கமானது. கீட், கென்ட், கிளென் ஆகியவையும் விற்கின்றன. கலிபோர்னியாவின் கோசெல்லாப் பாலைவனப் பள்ளத்தாக்கில் வணிகமாக விளைவது கீட், எனவே வெயிலுக்கு அது தேர்ந்த ரகம். ரகத்தைக் கேட்பது போலவே எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேர் தரும் செடி) ஒட்டியது என்றும் கேளுங்கள். சுண்ணாம்பு மண்ணுக்கும் உப்பு நீருக்கும் என்றே இஸ்ரேலில் தேர்ந்தெடுத்த ‘13-1’ என்ற வேர்ச்செடி உண்டு. அது கிடைத்தால் விட வேண்டாம்.

கேள்வி: அதே ஃபீனிக்ஸ்தான். நான்கு வயது மரம் ஜனவரியில் நிறையப் பூத்தது. பட்டாணி அளவுப் பிஞ்சாகி எல்லாம் உதிர்ந்துவிட்டது, சில மட்டும் சிறுத்துக் கொட்டையில்லாமல் நிற்கின்றன. (வாசகி, அண்ணா நகர்)

பதில்: குளிர்தான் காரணம். பூக்கும் காலத்தில் இரவு வெப்பம் 13, 14 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. கரு வளராத பிஞ்சு உதிரும், அல்லது கொட்டையில்லாமல் சிறுத்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை.

ஜனவரியில் வரும் முதல் பூங்கொத்தை அடியோடு கிள்ளிவிடச் சொல்லுங்கள். பக்க மொட்டிலிருந்து சில வாரங்களில் மறுபடி பூக்கும். அது வெதுவெதுப்பான நாட்களில் விரிவதால் பிஞ்சு பிடிக்கும். பூவைக் கிள்ள மனம் வராதுதான், ஆனால் ஒருமுறை செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள். மூன்று வயதுக்குட்பட்ட மரத்திலோ எல்லாப் பூவையும் எடுத்துவிட வேண்டும், அதன் பலம் வேருக்கும் கிளைக்கும் போகட்டும்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் சுழியைத் தொட்டால் இளமரம் கருகும். அன்று பகலிலேயே மண்ணை நனைத்துவிட்டு, மாலையில் மரத்தைத் தரை வரை துணியால் மூட வேண்டும். உள்ளே பழைய குண்டு பல்பு சரம் ஒன்றைக் கட்டி எரியவிடலாம், எல்.இ.டி. சூடு தராது. பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டும் இடமெல்லாம் கருகும், அது வேண்டாம். காலையில் மூடியைத் திறந்துவிட வேண்டும். பனியில் கருகிய கிளையை உடனே வெட்டாமல் மார்ச்சில் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டலாம்.

கேள்வி: எங்கள் நீலம் மரத்தில் பூ வந்ததும் மாவு தூவியது போல வெளுக்கிறது, பிறகு இலையெல்லாம் கரி படிகிறது. இதற்கு என்ன மருந்து? அதையே பாலைவன ஊர்த் தோட்டத்துக்கும் சொல்லலாமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: இரண்டும் வேறு வேறு. வெள்ளை மாவு சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, பூங்கொத்து நீளத் தொடங்கியதும் ஒருமுறை, காய் கடுகளவு பிடித்ததும் ஒருமுறை தெளிக்கலாம். பூ முழுதாக விரிந்திருக்கும் வாரத்தில் எதையும் தெளிக்காதீர்கள். மாவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்கள், அவற்றை விரட்டினால் காயும் இல்லை. கரி போலப் படிவது தத்துப்பூச்சியின் தேன்கழிவில் வளரும் பூஞ்சணம். அதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு சிட்டிகை சோப்புத்தூள், மாலையில். தண்டின் பிளவுகளிலும் தெளியுங்கள், பூக்காத காலத்தில் பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். நடுவில் நெருங்கிய கிளை இரண்டை அறுவடை முடிந்ததும் எடுத்துவிட்டால் மருந்துத் தேவையே குறையும்.

பாலைவன ஊரிலும் சாம்பல் நோய் வரும், அதற்கு மழை தேவையில்லை. ஆனால் காற்று 32 டிகிரியைத் தாண்டிய நாளில் கந்தகம் தெளித்தால் இலையும் பிஞ்சும் எரிந்துபோகும். அங்கே மார்ச் கடைசியிலேயே அந்த வெப்பம் வந்துவிடுவதால் பிப்ரவரியில் காலை வேளையில் முடித்துவிடச் சொல்லுங்கள். வேப்பெண்ணெய்த் தெளிப்பு முடிந்த இரண்டு வாரத்துக்குக் கந்தகத்தைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தாலும் இலை எரியும்.